ஒரு தட்டு நிற்க, இரு தட்டு போக

சிரிப்பு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பு வரும், அதற்கு யுகேந்திரன் பொறுப்பு, ஆனால் இப்போதே வராது, கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் கம்பெனியின் ஆன்லைன் கூட்டத்தில் சேர்மன் இன்னும் பேசி முடிக்கவில்லை, அவர் முடித்ததும் கணக்குக்காரர் ஒருவர் பேசுவார், அதற்கப்புறம்தான் பங்குதாரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், அந்த வரிசையில் கரூர் நல்லசிவம் என்று அப்பாவின் பெயர் வரும், அப்போதுதான் சிரிப்பு. அதுவரை அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேசைக்கு மேலே அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். அதற்கு எதிரே நாற்காலியில் அப்பா, சலவை வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. கேமராவுக்குத் தெரியப்போவது அப்பாவின் முகம். கேட்கப்போவது கீழே இருக்கிறவனின் குரல். கீழேயிருந்து பார்த்தால் அப்பா என்பது இரண்டு முழங்கால், வேட்டிக் கரை, வலது கால் கட்டைவிரலில் ஏதோ ஒரு ஸ்பேனர் விழுந்து கறுத்த நகம், அவ்வளவுதான். ஒத்திகை பார்த்தாயிற்று. அப்பா காலால் அவன் காலை மிதித்தால் ஆரம்பிக்க வேண்டும், அவன் இழுத்து இழுத்துப் பேசப் பேச அப்பா வாயசைப்பார். நேற்று ஒத்திகையில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எருமைக்குத் தண்ணி காட்டப்போறேன் என்று வெளியே போய்விட்டாள். இவர்கள் வீட்டில் எருமை கிடையாது. பக்கத்து வீட்டு எருமை. அதற்கு எதைக் காட்டினாளோ. இப்போதும் அவள் அடுக்களை வாசலில்தான் நிற்கிறாள், கொலுசு சத்தம் வந்து வந்து நிற்கிறது, என்ன நடந்தாலும் நான் கேமராவுல தெரிய மாட்டேன் சாமி என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மேலே சேர்மன், டியர் ஷேர்ஹோல்டர்ஸ், என்கிறார். தொண்டையில் தேன் தடவின குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் படி இறங்குகிறவர் மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். யுகேந்திரனின் நாக்கு தானாகவே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, டியர் ஷேர்ஹோல்டர்ஸ், சத்தமில்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தான், வந்துவிட்டது, சேர்மன் இனிமேல் அவன் பையில். எந்தக் குரலும் அப்படித்தான், ஒரு தடவை உள்ளே போனால் திரும்பி வராது. ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் மழை விடுமுறை விட்டு மூன்று வகுப்பு பிள்ளைகள் மூலனூர் பஸ் ஏறிய பிறகுதான் நிஜ ஹெட்மாஸ்டர் கழிவறையிலிருந்து வெளியே வந்தார். வெளியே சொட்டு மழை இல்லை, கொளுத்துகிற வெயில். தாசில்தார் குரலில் பரோட்டாக்கடைக்குப் பேசி சால்னா இலவசம். அப்பாவின் பஸ்ஸைக்கூட அவன் பேசுவான். கரூர் தாராபுரம் வழி சின்னதாராபுரம் மூலனூர், நீலவேணி பஸ் சர்வீஸ், அது ஸ்டாண்டில் சிணுங்கி நிற்கிற சத்தம், முதல் கியரில் முனகி இரண்டாவதில் தொண்டையைச் செருமுகிற சத்தம், பிரேக் காற்று உஸ்ஸென்று இறங்குவது, ஜன்னல் கண்ணாடியின் கிடுகிடு, கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டுவது. ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் போ. ஒன்று, டப். இரண்டு, டப்டப். முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டான். டப். நிறுத்தினான். அதைத் தட்டியிருக்கக் கூடாது. அதைத் தட்டினால் அந்த நினைப்பு வரும், வேண்டாம், சேர்மனைக் கேள், சேர்மன் என்ன சொல்கிறார், வாயுரத் மோட்டார்ஸுக்கு இது ஒரு சவாலான ஆண்டு என்கிறார், சாலஞ்சிங் இயர், சவாலாம், இரண்டாயிரம் பேர் குடியிருக்கிற வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு இன்றைக்குக் கொஞ்சம் புழுக்கம் என்று சொல்கிற குரல்.

வாயுரத் கரண்டில் ஓடும் பஸ் செய்கிற கம்பெனி, சரக்கு வண்டியும் செய்கிறது, ஆனால் அப்பா பார்த்தது பஸ்ஸை மட்டும்தான். கோயம்புத்தூர் கண்காட்சியில் வெளிர்பச்சை நிறத்தில் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள், ஏற்றி ஒரு சுற்றுக் காட்டினார்கள். அப்பா, வையாபுரி மாமா, அவன். வையாபுரி மாமா என்றால் மாமா முறை எல்லாம் இல்லை, நீலவேணியின் டிரைவர், அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஸ்டீயரிங் பிடிக்கிறவர். பஸ் கிளம்பியதே யாருக்கும் தெரியவில்லை. வெளியே மரம் நகர்ந்தது, அதனால் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. வையாபுரி மாமா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு காதைச் சாய்த்து, "ஏனுங்க மொதலாளி, இதுக்குச் சீக்குன்னா எப்படிங்க தெரியும்? இருமக்கூட மாட்டீங்குதே" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்த்தது. அப்போது அப்பாவுக்குக் குரல் இருந்தது, ஓடை மணலில் வண்டிச் சக்கரம் ஏறுகிற குரல், புகையிலை ஊறின குரல். "கண்ணு, இந்த வண்டியாட்டம் ஒருக்காப் பேசு பாக்கலாம்" என்று வையாபுரி மாமா அவன் தோளைத் தட்டினார். அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எதைப் போடுவது, ஒரு மெல்லிய ஈ ரீங்காரம், அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, வாயைத் திறந்தபடியே நின்றான், இரண்டு பேரும் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவன் வாழ்க்கையில் வராத முதல் சத்தம். இறங்கும்போது அப்பா அந்த பஸ்ஸின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இனிமே இதுதான்ணே, டீசல் வண்டி ஓட்டி நாம டயர் தேய்க்கறோம், இந்தக் கம்பெனிக்காரன் ரோட்டையே வாங்கப் போறான் என்றார். நீலவேணியையும் அதன் ரூட் பெர்மிட்டையும் விற்றார், பூராவும் வாயுரத் பங்கு. சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டுத் தியேட்டருக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கறீங்க என்று அம்மா மூன்று நாள் பேசவில்லை. வையாபுரி மாமா வேலை போனதற்கு ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை, அப்பா கையில் வைத்த பணிக்கொடையைத் திருப்பி அப்பாவிடமே நீட்டி, "நீங்க ஏறுற வண்டியிலயே எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க" என்றார். அப்பா போட்டார்.

பங்கு என்றால் என்ன என்று அப்பாவுக்கு ஒரே ஒரு உவமைதான் தெரியும், அது ரூட் பெர்மிட். பஸ்காரர்களுக்கு பஸ் வரும் போகும், தகரம்தானே, பெர்மிட்தான் சொத்து. பெர்மிட் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும், இறங்கினதாகச் சரித்திரம் இல்லை, கைவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆயுத பூஜைக்கு வாயுரத் பஸ்ஸின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார். டயர் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் படத்துக்கு அடியில் நாலு மூலைக்கு நாலு வைத்தார். பொறியும் கடலையும் வாங்க வந்த தெருப்பிள்ளைகளிடம் நம்ம வண்டி என்று காட்டினார். கரூர் ஸ்டாண்டில் எந்தப் பச்சை பஸ் நின்றாலும் கிட்டப்போய்ப் பெயர்ப்பலகை பார்த்துவிட்டு வருவார். அதையெல்லாம் அவன் நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறான். அப்பாவின் முழங்கால் லேசாக ஆடுகிறது. மேலே அப்பாவின் மூச்சு கேட்கிறது. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ அல்ல, துண்டுக்குள்ளிருந்து, கழுத்திலிருக்கிற துளையிலிருந்து, ஈரமாக. குரல்வளையை எடுத்தாயிற்று, கோயம்புத்தூரிலேயே, அந்தக் கண்காட்சி மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில். புகையிலை ஊறின குரலைப் புகையிலையே தின்றுவிட்டது. டாக்டர் படம் வரைந்து காட்டினார், இது சாப்பாட்டுக் குழாய், இது மூச்சுக் குழாய், இனி மூச்சு இந்த ஓட்டை வழியாகத்தான். ஒருநாள் குளியலறையில் அவன் அந்த மூச்சையும் போட்டுப் பார்த்தான். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றான், கொஞ்சம் வருகிற மாதிரி இருந்தது, அதற்குள் அம்மா கதவைத் திறந்து ஈரக்கையால் முதுகில் ஒன்று வைத்தாள், ஒன்று வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டாள், அவன் முதுகில் அவள் கையின் ஐந்து விரலும் ஈரமாக இருந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார், சொன்னார் என்றால் கையை வீசினார். நாலு ஊர் ஸ்டாண்டில் குரலாலேயே பஸ் ஓட்டினவர், ஊமையாக உட்கார்ந்திருப்பதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது. வறட்டு இருமல், கோயம்புத்தூரில் மருந்து எடுக்கிறார் என்று அம்மா எல்லோருக்கும் ஒரே பதில். வையாபுரி மாமா ஏற்கெனவே திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், மருமகனின் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன். அவர் போன் செய்தார். அப்பாவின் போனில் நீலவேணியின் ஏர்ஹாரன்தான் ரிங்டோன், யுகேந்திரனே வாயால் போட்டுப் பதிவு செய்தது. அது அலறியது, அம்மா எடுக்கப் பயந்தாள், அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார், அவன் எடுத்தான், யோசிக்கவேயில்லை, காதில் வைத்தான், "வையாபுரிண்ணே, நல்லாருக்கறீங்களா?" மணலில் சக்கரம். புகையிலை. ஒரு இழை பிசகவில்லை. "மொதலாளி! உங்க கொரலைக் கேட்டு எத்தன நாளாச்சுங்க, இப்பத்தாங்க எனக்கு உசுரு வந்துச்சு" என்று அந்தப் பக்கம் கத்தினார். அவன் கட்டிலைப் பார்த்தான். அப்பாவின் தோள் குலுங்கியது, துண்டு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, சிரிக்கிறார், சத்தமே இல்லாமல் சிரிக்கிறார், அந்தப் பச்சை பஸ் மாதிரி. அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம். பள்ளிக்கூடமே கைதட்டினாலும் வராது. அப்பாவின் குரலை ஆஸ்பத்திரிக்காரன் குப்பையில் போட்டான், இவன் பொறுக்கி எடுத்துவிட்டான். அப்புறம் அது வழக்கமாயிற்று. போன் வந்தால் அவன் பேசுவான், பக்கத்தில் அப்பா கட்டில் கம்பியைத் தட்டுவார், ஒரு தட்டு நிறுத்து, வேண்டாம், இல்லை. இரண்டு தட்டு போ, சரி, ஆமாம். பஸ் பாஷை. எழுதிக் காட்ட நோட்டு நீட்டினால் தள்ளிவிடுவார். அதற்கு மேல் அப்பாவுக்கு என்ன தேவை, ஆயுள் பூராவும் நடந்த பேச்சு அந்த இரண்டில் அடங்கிவிட்டது. சீயக்காய் வியாபாரி, நீலவேணியை வாங்கினவர், சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் நல்லசிவம் பேசினார், ஒரு ஆள் சந்தேகப்படவில்லை. குரல் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, கோயம்புத்தூர் மருந்து வேலை செய்யுது என்றுகூடச் சொன்னார்கள்.

மேலே கணக்குக்காரர் ஆரம்பித்துவிட்டார், மூக்கால் பேசுகிறவர், ஜலதோஷம் பிடித்த ஹார்மோனியம். அவரையும் எடுத்துப் பையில் போடு. வேண்டாம், வரவில்லை, அந்தப் பக்கம் நினைப்பு போய்விட்டது, திரும்பாது, முன்னால் வைத்த காலை எடுக்க முடியாத மாதிரி. அன்றைக்கும் இதே மாதிரி முற்பகல்தான், ஜன்னல் வெளிச்சம் கட்டில் கம்பியில் பட்டது. வாயுரத் பங்கு உச்சாணியில் இருந்த சமயம். வையாபுரி மாமா பேசினார். "மொதலாளி, ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க. மூலனூர்ல நம்ம பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல ஒரு சின்ன ஓட்டு ஊடு வெலைக்கு வருதுங்க. பங்கை வித்தாச் செரியா இருக்கும்ங்கறாங்க. மருமகன் தங்கமானவருதானுங்க, இருந்தாலும் மகள் ஊட்டுல சோத்துத் தட்டை நாமளே போயி எடுத்துக்கவும் முடியல, கேக்கவும் முடியல. பொண்டாட்டி போனதுக்கப்புறம் ஒரு மூலையில எனக்குன்னு கதவச் சாத்திக்கிட்டா போதும்னு இருக்குதுங்க. இன்னும் வெச்சிருக்கட்டுங்களா?" அவன் கட்டிலைப் பார்த்தான். அப்பா தட்டினார். டப். ஒன்று. வைத்திருக்க வேண்டாம், நிறுத்து, இறங்கிக்கச் சொல், விற்கச் சொல். அது அவனுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றா இரண்டா, இரண்டாகவும் இருந்திருக்கலாம், எதிரொலி, கம்பி அதிர்ந்தால் இரண்டு மாதிரி கேட்கும், இல்லை, ஒன்று, சுத்தமான ஒன்று, அவன் காதுக்குத் தப்பு வராது, அதுதானே அவன் பிழைப்பு. அப்பா தட்டிவிட்டுக் கையைக் கம்பியிலேயே வைத்திருந்தார். மறுபடி தட்ட முடியாது. மறுபடி தட்டினால் இரண்டாகிவிடும், போ என்றாகிவிடும். ஒற்றைத் தட்டைத் தட்டிவிட்டு அது நிறுத்தும் என்று நம்பிக் கையைத் தூக்காமல் காத்திருந்தார், எல்லாக் கண்டக்டரும் காத்திருக்கிற மாதிரி.

அவன் நிறுத்தவில்லை. ஏன் என்றால், ஏன். குரல் அன்றைக்கு அவ்வளவு வாகாக வந்தது. நல்ல ரோட்டில் நாலாவது கியர். விற்றுவிடுங்க அண்ணே என்பதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அப்பா அப்படியா பேசுவார், அப்பாவின் அடித்தொண்டையிலிருந்து வருகிற ஒரு வசனம் அவன் நாக்கு நுனியில் காத்துக்கொண்டிருந்தது, அது தானாக உருண்டு விழுந்தது. "ஏண்ணே, பெர்மிட்டை விக்கறவன் பஸ்காரனா? மூலனூர் ஊடு எங்கயும் போகாது. இந்த ரூட்டு போச்சுன்னா வராது. ஓட்டுங்கண்ணே, நான் இருக்கறேன்." அந்த நான் இருக்கறேன். அதில் அப்பா வைக்கிற அழுத்தம், ஐயோ, அதை அவ்வளவு சரியாக வைத்தான். அப்புறம், "நீங்க சொன்னாச் செரிங்க மொதலாளி" என்றார், உடனே, "என்னமோ தட்டுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சுங்களே?" என்றார். "அது ஓட்டு மேல தேங்காய் உளுந்துச்சுண்ணே." இருவரும் சிரித்தார்கள். அவன் அப்பாவின் சிரிப்பில் சிரித்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினபோது கட்டிலில் அப்பா சிரிக்கவில்லை. அவனையே பார்த்தார். அப்புறம் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன்னுடையதை அவர் பெர்மிட் என்று வைத்துக்கொண்டிருக்கலாம், வையாபுரி மாமாவுடையது பெர்மிட் இல்லை, ஓட்டு வீடு, கதவு, சாத்திக்கொள்ள ஒரு கதவு, அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் பங்கு இன்னும் ஏறியது, பாத்தீங்களாப்பா என்று அவன் ஓடிப்போய்ச் சொன்னான், அப்பா சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். அதற்கப்புறம் வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஓடின வாயுரத் பஸ்கள் வரிசையாக நடுரோட்டில் நின்றன, கொடுத்த ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், மறுபடி ஒரு ஊர், மறுபடி ஒரு ஊர். சத்தமில்லாமல் கிளம்பினது சத்தமில்லாமலேயே இறங்கியது. டிவியில் சிவப்பு அம்பு. மூலனூர் வீட்டை ஒரு உரக்கடைக்காரர் வாங்கி முன்பக்கம் இடித்து ஷட்டர் போட்டுவிட்டார். வையாபுரி மாமா இப்போது மகள் வீட்டுக்கு வருவதேயில்லையாம், கம்பெனி கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் கூண்டிலேயே படுத்துக்கொள்கிறாராம், அதற்குக் கதவு கிடையாது. இதை அவர் சொல்லவில்லை, அவர் மகள் அம்மாவிடம் சொன்னது. அவர் போனில் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "அதனாலென்னங்க மொதலாளி, டயர் பஞ்சரானா எறங்கி ஓடிருவமா?" வையாபுரி மாமாவின் குரலை மட்டும் அவன் போட்டுப் பார்த்ததேயில்லை. போட்டால் வரும். அதனாலேயே போடவில்லை.

முந்தாநாள் அவரே கூப்பிட்டார். கூட்டத்தில் மொதலாளி பேசப் போகிறார் என்று கேட்டு அத்தனை சந்தோஷம், மகள் கம்பெனிக்கே வந்து தன் போனில் போட்டுக்காட்டுவாளாம், ரொம்ப நாள் கழித்து முகம் பார்க்கப் போகிறேன் என்றார். "முடிஞ்சதும் கூப்பிடறனுங்க. வெச்சிருக்கறதா விக்கறதான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. மிச்சமிருக்கறது கொஞ்சந்தான், உடனே வித்தாத்தான் ஆச்சுன்னு மருமகன் நிக்கறாரு. நான் மொதலாளி சொல்லட்டும்னு சொல்லிப்போட்டேன்." அப்போதும் அப்பா பக்கத்தில் இருந்தார். எதுவும் தட்டவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், கூட்டத்துல பேசப் பதிவு செய்யட்டுமாப்பா, தமாஷா இருக்கும், நீங்க வாயசைங்க நான் பேசறேன், சேர்மனையே கலாய்ச்சிரலாம் என்று அவன் கேட்டபோது மட்டும் அப்பா கொஞ்சநேரம் அவனைப் பார்த்துவிட்டு மேசையில் தட்டினார். டப்டப். போ. தெளிவான இரண்டு. அப்பா விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று துள்ளினான். பழைய அப்பா. சுவரிலிருந்து திரும்பிவிட்டார். இன்றைக்குக் காலையில் தானே சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையை எடுத்துவரச் சொல்லிக் கை காட்டினார், துண்டை அவரே சுற்றிக்கொண்டார். அம்மா பின் குத்தப் போனாள், வேண்டாம் என்று கையைத் தள்ளினார். பின் குத்தாவிட்டால் நழுவுமே என்று அவன் அப்போது நினைத்தான், இப்போதும் நினைக்கிறான், ஏன் பின் வேண்டாம் என்றார், கழுத்தில் குத்துமென்று இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

பங்குதாரர்கள் வந்துவிட்டார்கள். கல்கத்தாக்காரர் ஒருவர், எல்லாக் கம்பெனிக் கூட்டத்திலும் பேசுகிறவராம், நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆண்டறிக்கையின் அட்டைப்படம் அற்புதம் என்றார். பம்பாய் அம்மாள் ஒருத்தி, முன்பெல்லாம் கூட்டத்துக்கு வந்தால் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தீர்கள், இப்போது கம்ப்யூட்டர் வழியாக எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஐதராபாத்காரர் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்றார், மதியச் சாப்பாட்டோடு. சேர்மன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார், தேன், படி இறங்குதல். வேறு நாளாக இருந்தால் யுகேந்திரன் இந்நேரம் மூன்று பேரையும் விழுங்கியிருப்பான். தயாரித்த வசனத்தை மனசுக்குள் ஓட்டினான், நமஸ்காரமுங்க, கரூர் நல்லசிவம் பேசறேன், வண்டி சத்தமில்லாமப் போவும்னீங்க, எங்க காசும் சத்தமில்லாமப் போயிருச்சுங்களே, ஹாரனாவது வெச்சீங்களா இல்லையா, என்று கேட்டு, உடனே சேர்மன் குரலுக்குத் தாவி அதற்குப் பதிலும் சொல்லி, அத்தனை பேரும் யார் பேசுவது என்று தெரியாமல் முழிக்க. அதுதான் சிரிப்பு. வையாபுரி மாமா திருப்பூரில் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்துவிட்டுப் போன் செய்வார். போன் செய்து ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தை. விற்றுவிடுங்க என்று சொல்லிவிடலாம், அப்பா குரலில், அன்றைக்கே அப்படிச் சொல்லியிருக்க வேண்டியது, இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும், ஒரு கதவு கிடைக்குமா, வீடு வேண்டாம், ஒரு கதவு மட்டும். வைத்திருங்க என்றால். வைத்திருங்க என்று இன்னொரு தடவை நான் இருக்கறேன் என்றால். யார் இருக்கிறார். மேசைக்கு அடியில் யார் இருக்கிறார்.

"நெக்ஸ்ட், மிஸ்டர் நல்லசிவம், ஃப்ரம் கரூர். சார், ப்ளீஸ் சுவிட்ச் ஆன் யுவர் வீடியோ அண்ட் அன்மியூட்" என்றது ஒரு பெண் குரல். மேலே அப்பாவின் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. கால் அவன் காலை மிதித்தது. ஆரம்பி. அவன் தொண்டையைத் திறந்தான், மணலில் சக்கரம் ஏறியது, "நமஸ்காரமுங்க. நான் கரூர் நல்லசிவம் பேசறனுங்க. நீலவேணி பஸ் ஓனரா இருந்தவனுங்க. எங்க டிரைவர் வையாபுரிண்ணனும் இந்தக் கூட்டத்தைப் பாத்துட்டு இருக்காப்லங்க," வந்துவிட்டது, இதைவிடச் சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை, "வண்டி சத்தமில்லாமப் போவும்னு சொன்னீங்க, எங்க," அப்போது அவன் மடியில் ஏதோ வந்து விழுந்தது. வெள்ளையாக, வெதுவெதுப்பாக, ஒரு மூலையில் ஈரமாக. துண்டு. நழுவிவிட்டது, எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான், அப்பாவின் கை கீழே தேடி வரும் என்று பார்த்தான், வரவில்லை, அப்பாவின் முழங்கால் இரண்டும் ஆடாமல் இருந்தன, "எங்க காசும்," என்று வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது, அடுக்களை வாசலில் கொலுசு ஒருதரம் குலுங்கி அடங்கியது, அம்மா "ஐயோ" என்றாள், "சத்தமில்லாம," மேலே மேசைப் பலகையில், அவன் தலைக்கு நேர் மேலே, அப்பா தட்டினார். டப். ஒன்று. கை மேசையிலேயே நின்றது. இந்தத் தடவை அவன் நிறுத்தினான். வார்த்தை பாதியில் நின்றது, வாய் திறந்தபடி நின்றது, அன்றைக்குப் பச்சை பஸ்ஸில் நின்ற மாதிரி. நிசப்தத்தில் அந்த ஈரமான மூச்சு மட்டும் கேட்டது, மைக்கிலும் கேட்டிருக்கும், கல்கத்தாவிலும் பம்பாயிலும் திருப்பூரிலும் கேட்டிருக்கும். "சார்? மிஸ்டர் நல்லசிவம்? சார், ஆர் யூ ஆல்ரைட்?" என்றது பெண் குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. கீழேயிருந்து பார்க்க அப்பாவின் முகம் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது, நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை மூடிக்கொண்டு, கழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பின் வேண்டாம் என்றது இதற்குத்தான். சலவைச் சட்டை இதற்குத்தான். விளையாட்டுக்கு வரவேயில்லை.

நீலவேணியின் ஏர்ஹாரன் அலறியது. போன் அவன் பக்கத்தில் தரையில் கிடந்து நடுங்கியது. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எடுக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை. எடுத்தான். காதில் வைத்தான். எந்தக் குரலில் ஹலோ சொல்வது என்று தெரியவில்லை. தன்னுடையது எது என்று தேடினான், பையில் ஹெட்மாஸ்டர் இருந்தார், தாசில்தார் இருந்தார், சேர்மன் இருந்தார். அந்தப் பக்கம் பனியன் கம்பெனி மிஷின்களின் தடதடப்பு மட்டும் தூரத்தில். வையாபுரி மாமா பேசினார், மெதுவாக, மேட்டில் வண்டியை உருட்டிக்கொண்டே கியர் போடுகிற மாதிரி.

"கண்ணு."

அவன் வாயைத் திறந்தான்.

"மொதலாளிக்கு எப்பயிருந்துடா இப்படி?"

"மாமா…" அது யாருடைய குரலோ, கீச்சென்று, பாதி உடைந்து வந்தது.

"இரு, பேசாத. அன்னைக்கு ஊடு வாங்கக் கேட்டனே, அப்பக் கேட்டுச்சே ஒரு சத்தம். ஒத்தைத் தட்டு." வையாபுரி மாமா நிறுத்தினார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அது தேங்கா இல்லையே, கண்ணு?"